உயில் சரி, பனிமூட்டம்தான் ஒட்டவில்லை

தாது வருஷப் பஞ்சம் இன்னும் ஓயாத 1877. திருச்செந்தூர்ப் பக்கம் தேரி என்னும் செம்மணல் மேட்டின் ஓரத்தில் ஒரு பழைய பங்களா. அதைக் கட்டிய கருப்பட்டி வியாபாரி பிள்ளையில்லாமல் சாகிறார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் தங்கை மகளுக்கு, முகம்கூடப் பார்த்திராத மாமாவின் சொத்து வந்து விழுகிறது. இந்தக் கோதிக் (பழைய வீடும் இருட்டும் திகிலுமான வகை) மர்ம நாவலின் முடிச்சு இதுதான்.

சொத்து கைமாறும் இடத்தில்தான் இந்த வகைக் கதைகள் வழக்கமாகச் சொதப்பும். இதில் அதுவே பலம். மாமா பங்களாவையும் பனை விளையையும் (பனந்தோப்பு) கிறிஸ்தவ சபைக்கு எழுதுகிறார், உயிலை முறையாக ஒப்படைக்கவும் செய்கிறார், ஆனால் ஏழாம் மாதம் இறந்துபோகிறார். 1865 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ அதைவிட நெருங்கிய சொந்தமோ உள்ளவர் மத, தர்ம காரியங்களுக்குச் சொத்து எழுதினால், எழுதி 12 மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும். 6 மாதத்துக்குள் உயிலைச் சட்டம் சொல்லும் இடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தக் கொடை செல்லாது. அப்படித்தான் சபைக்கு எழுதியது தங்கை மகளுக்கு வருகிறது. (1925 சட்டத்தில் 118-ஆம் பிரிவாகத் தொடர்ந்த இந்த விதியை உச்ச நீதிமன்றம் 2003-இல்தான் ரத்து செய்தது.) மாமா இன்னும் ஐந்து மாதம் இருந்திருந்தால் யாருக்கு லாபம் என்ற கணக்கே கதையை இழுத்துக்கொண்டு போகிறது. சந்தேகம் கதாநாயகி மேலேயே விழுவது நல்ல யோசனை.

சறுக்கல் சபையின் போதகப் பணியாளரான உபதேசியாரிடம். உயிலில் அவருக்கு 300 ரூபாய். சாட்சிக் கையெழுத்தும் அவருடையதே. அந்தப் பணத்துக்காகக் கொன்றார் என்கிறது நாவல். ஆனால் சாட்சி போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ எழுதிய கொடை அதே சட்டப்படி செல்லாது. உயிலின் மற்ற பகுதி நிற்கும். ஆக அவருக்குக் காலணா கிடையாது. இது அவருக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிவு இன்னும் கொடூரமாகியிருக்கும். உயிலை வாசிக்கும் வக்கீலுமா வாயைத் திறக்கவில்லை?

பயமுறுத்தும் இடங்கள் இரண்டு ரகம். பனிமூட்டம், கணப்படுப்பு எல்லாம் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவை. தேரியில் யார் கணப்பு மூட்டுவார்? ஆடிக் காற்று அத்தியாயமோ அசல். ராத்திரி முழுக்க ஓலைத் தட்டியில் மணல் அறைகிறது. சாயங்காலம் சாத்திய கதவு காலையில் திறக்க மாட்டேன் என்கிறது, வெளியே முழங்கால் அளவு செம்மணல். வந்தவன் கால்தடமும் அதோடு போயிற்று. துப்பறிவதற்கும் திகிலுக்கும் ஒரே காற்று போதுமானதாக இருக்கிறது. ஆனால் பிணத்தைக் கார்த்திகை விடியலில் பதனீர் இறக்க வந்த பனையேறி பார்ப்பதாக எழுதியதை என்ன சொல்ல? அடைமழைக் காலத்தில் சுண்ணாம்புக் கலயத்தோடு அவருக்கு மரத்தில் வேலையே இல்லை. பங்குனிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

விசுவாசம் கதையோடு பிசைந்து வருகிறது, பெரும்பாலும் பிரசங்கமாக இல்லை. வேதத்துக்கு வந்த (கிறிஸ்தவரான) பிறகும் மாமா இடிக்காமல் விட்ட சுடலைமாடன் பீடம் தோட்டத்து மூலையில் நிற்கிறது. அதைக் கடக்கும்போது கதாநாயகிக்குப் பயம். பயந்ததற்காக ஜெபத்தில் வெட்கம். இரண்டையும் ஆசிரியர் தீர்த்துவைக்க முயலவில்லை. பைபிளின் 16-ஆம் சங்கீதம் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் பெட்டிச் சாவி எதிரே கிடப்பதுதான் மலிவு. 1850-களில் எழுதியதாக வரும் கடிதத்தில் 1871-இல் வெளிவந்த பவர் திருத்தம் என்ற தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பின் வசன நடை இருப்பதையும் வேதம் வாசித்துப் பழகியவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

பேச்சு வழக்கு பரவாயில்லை. கூப்பிடும்போது வரும் சமையல்காரப் பாட்டியின் 'ஏளா'வும் காவல்காரரின் 'வே'யும் இடம் பார்த்து விழுகின்றன. முதல் 40 பக்கத்தில் பெரியப்பா, சித்தப்பா வகையறா குழப்பும். ஒரு தாளில் வம்ச வரிசையைக் குறித்துக்கொண்டு படியுங்கள், எட்டாம் அத்தியாயத்தில் உயில் வரும்போது அது தேவைப்படும்.