இரண்டாவது தடத்தில் இருந்த வாத்தியார் குரல்: டிவிரெஸ்க்யூ மென்பொருள், என் அனுபவம்

செய்யாறு பக்கத்தில் ஒரு பாரதத் திருவிழாவில் 2004-இல் நான் எடுத்த தெருக்கூத்துப் பதிவுகள் 34 மினிடிவி (MiniDV) கேசட்டுகளாக என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்ற நாலு மாதமாக டிவிரெஸ்க்யூ (DVRescue) என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். கூத்தோ, கச்சேரியோ, தாத்தாவின் பேச்சோ, அந்தக் காலத்து ஹேண்டிகேமில் எதையாவது எடுத்து வைத்திருப்பவர்கள் கேசட்டைக் கடையில் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதலில் என் கேசட்டுகளில் ஒலி எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஹேண்டிகேமின் மைக் துளையில் இரண்டாகப் பிரியும் வயரைச் செருகி, ஒரு மைக்கைக் களத்துக்கு நேரே பந்தக்காலில் கட்டினேன். இன்னொன்றைப் பின்பாட்டுக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதனால் இடதில் வேஷக்காரர் பாட்டும் சலங்கையும், வலதில் ஆர்மோனியம், முகவீணை, மிருதங்கம், பின்பாட்டு.

திருவிழா முடிந்த அடுத்த வாரம் அந்தக் கூத்துக் குழுவின் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். கேமராவின் சின்னத் திரையில் கூத்தை ஓடவிட்டு, அவர் காதில் ஹெட்போனை மாட்டி, ஆடியோ டப்பிங்கில் (எடுத்த படத்தோடு பிறகு ஒலி சேர்க்கும் வசதி) போட்டேன். இது எந்தத் தரு (கூத்துப் பாட்டு), இந்த இடத்தில் ஏன் இந்த அடவு, விடியப்போகிறது என்று எதை விட்டுவிட்டார்கள் என்று ஒவ்வொரு கேசட்டுக்கும் பேசிக்கொண்டே வந்தார். பதினொரு நாள் போய்வந்தேன்.

மினிடிவியில் ஒலிக்கு இரண்டு முறைகள் உண்டு. 16 பிட்டில் 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனல். 12 பிட்டில் 32 கிலோஹெர்ட்ஸில் நாலு சேனல். தரம் கொஞ்சம் குறைந்தாலும் 12 பிட்டில்தான் பிறகு டப்பிங் செய்ய இடம் இருக்கும். படம் எடுக்கும்போது பதிவாகும் ஜோடியை ஸ்டீரியோ 1 என்பார்கள். டப்பிங் போவது ஸ்டீரியோ 2-க்கு. நம் ஊர் பால் (PAL) வீடியோ முறையில் ஒரு சட்டகத்துக்கு (ஃபிரேம்) நாடாவில் 12 சாய்கோடுகள். முதல் ஆறில் ஒரு ஜோடி ஒலி, அடுத்த ஆறில் மற்ற ஜோடி. ஆக வாத்தியார் பேச்சு கூத்தின் ஒலியைத் துளியும் தொடாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன்பு இந்த 34 கேசட்டையும் ஒரு கடையில் கொடுத்து எம்பி4 கோப்புகளாக வாங்கினேன். படம் சுத்தமாக இருந்தது. கூத்துப் பாட்டை எழுத்தில் பெயர்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: எந்தக் கோப்பிலும் வாத்தியார் இல்லை. இடது, வலது இரண்டையும் கலந்து மோனோவாக வேறு ஆக்கியிருந்தார்கள். மிருதங்கத்துக்கு அடியில் வசனம் மூழ்கிப்போனது. வாத்தியார் காலமாகிவிட்டார். கேசட்டிலிருந்தே குரல் அழிந்துவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் பரணிலிருந்து ஹேண்டிகேமை இறக்கி ஒரு கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். மெனுவில் ஆடியோ மிக்ஸ் என்று ஒரு கோடு. அதன் குறி ஸ்டீரியோ 1 பக்கக் கடைசியில் நின்றது. அதை மறுகோடிக்கு நகர்த்தினேன். “இது திரைவிருத்தம், நல்லா கேட்டுக்கோங்க தம்பி” என்று வாத்தியார் பேசினார். கேசட்டில் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரில் எடுத்தால் அந்த மெனு எதை வெளியே விடுகிறதோ அது மட்டும்தான் கணினிக்கு வரும்.

டிவிரெஸ்க்யூவை நான் மெச்சும் இடம் இதுதான். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவைத் தந்த மீடியாஏரியாவின் படைப்பு இது. ஃபயர்வயர் என்ற பழைய கேமரா இணைப்பு வழியாக நாடாவில் இருக்கும் டிஜிட்டல் தரவை அப்படியே இறக்குகிறது. மெனு எந்த நிலையில் இருந்தாலும் நாலு சேனலும் வந்துவிடுகின்றன. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், சுமார் 13 ஜிபி பிடிக்கும். எனக்கு மொத்தம் 440 ஜிபி.

ஓடும்போதே திரையில் ஒரு வரைபடம் நகர்கிறது. எந்தச் சட்டகத்தில் படப்பிழை, எதில் ஒலிப்பிழை என்று அதில் தெரியும். என் 12-ஆவது கேசட்டில் வரைபடம் திடீரென்று முள்ளாகக் குத்தி நின்றது. கேமராவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்டினேன். இரண்டு பதிவுகளையும் கொடுத்தால், ஒப்பிட்டு நல்ல பகுதிகளை எடுத்து ஒரே கோப்பாகச் சேர்த்துத் தருகிறது. கர்ணன் விருத்தம் ஒன்று அப்படித்தான் முழுசாகக் கிடைத்தது.

கூடவே வரும் டிவிபேக்கேஜரையும் விட்டுவிடாதீர்கள். மூன்று கேசட்டுகளில் பாதியில் யாரோ 16 பிட்டுக்கு மாற்றிவிட்டார்கள், நானேகூட இருக்கலாம். கேசட்டின் நடுவே ஒலியின் கிலோஹெர்ட்ஸ் கணக்கு மாறுவதைக் கவனிக்காத மென்பொருளில், 32-இல் பதிவானது 48-இல் ஓடி, குரல் ஒன்றரை மடங்கு வேகத்தில் கீச்சென்று வரும். இது மாறும் இடத்தைக் கண்டுபிடித்துக் கோப்பைத் துண்டாக்கிவிடுகிறது. எனக்குக் கிடைத்த எம்கேவி கோப்பில் இரண்டு ஜோடியும் தனித்தனி ஒலித்தடங்களாக இருந்தன.

அதை விஎல்சியில் திறந்தால் முதல் தடம்தான் கேட்கும். ஆடியோ மெனுவில் இரண்டாவது தடத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது தடம் என்று ஒன்று காட்டினாலே அதில் டப்பிங் இருக்கிறது என்றும் நம்பக் கூடாது. 12 பிட் பதிவென்றால், அந்த ஜோடியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் இரண்டு தடம் காட்டும். காதால் கேட்டுப் பார்ப்பதுதான் வழி. நான் இரண்டையும் தனியாக எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் முதல் தடத்தை இடது, வலது என்று பிரித்து, “களம்”, “பின்பாட்டு”, “வாத்தியார்” என்று பெயரிட்டு வைக்கிறேன். யாருக்காவது அனுப்பக் கலந்தாலும் மூலத்தில் கைவைப்பதில்லை.

குறை என்றால், ஃபயர்வயர் துளை உள்ள கணினி வேண்டும். எனக்கு ஒரு பழைய மேக்புக் உதவியது. ஹேண்டிகேமின் யுஎஸ்பி துளை இந்த வேலைக்கு ஆகாது. விஎச்எஸ் கேசட்டுக்கு இந்த மென்பொருளால் பயனில்லை, அங்கே வழியே வேறு. தமிழில் விளக்கம் கிடையாது. கட்டளை தட்டிப் பழகாதவர்களுக்கு முதல் வாரம் சிரமம்தான். ஆனாலும் ஐந்துக்கு ஐந்து தருகிறேன். கடையில்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் “ஸ்டீரியோ 2 வேண்டும், தனித் தடமாக வேண்டும், டிவி (DV) மூலக்கோப்பும் வேண்டும்” என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் 27-ஆவது கேசட் முடிந்தது. பதினெட்டாம் போர் இரவின் கடைசிப் பகுதி. வாத்தியார் தடத்தில் ஆறு நிமிஷம் பேச்சே இல்லை. டப்பிங் நின்றுவிட்டதோ என்று ஒலியை முழுக்கக் கூட்டினேன். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, தான் அந்த இரவில் பாடிய பின்பாட்டை வாய்க்குள்ளேயே திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்.