அம்மாவின் அலுமாரியும் ஆய்வுகூடத்துச் சிவப்பு எழுத்தும்

மாமாங்கத் தீர்த்தத்துக்கென்று மூன்று கிழமை விடுமுறை எடுத்துக்கொண்டு லண்டனிலிருந்து மட்டக்களப்புக்குப் போனேன். உதயதேவி ரயிலில் இருக்கை கிடைத்தது, தீர்த்தம் குறையில்லாமல் நடந்தது, தினமும் தயிர்ச்சட்டி வீட்டுக்கு வந்தது. அதையெல்லாம் விடுங்கள். அந்த மூன்று கிழமையையும் தின்றது ஒரு தாளில் இருந்த ஒற்றைச் சிவப்பு எழுத்து.

அப்பாவுக்கு வயது 71. இரண்டு மாதமாக இருமல். அரச வைத்தியசாலையில் எடுத்த நெஞ்சுப் படத்தில் வலப்பக்கம் மேலே ஒரு பொட்டுத் தெரிந்ததாம். பிறகு சிடி ஸ்கான் எடுத்து, 9 மில்லிமீற்றர் முடிச்சு, ஒரு பக்கம் மட்டும் சுண்ணம் படிந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கிளினிக்குக்குத் திகதி இன்னும் பன்னிரண்டு நாள். "மறுகா பார்ப்போம்" என்றார் அப்பா. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த 'மறுகா', அதாவது 'பிறகு'தான். லண்டனில் குடும்ப வைத்தியரின் முகத்தைப் பார்க்கவே மூன்று கிழமை வாய் திறக்காமல் காத்திருப்பவன் நான். ஊர் மண்ணை மிதித்தவுடன் எல்லாம் நாளை காலையே முடிய வேண்டும் என்று குதிக்கிறேன்.

டவுனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் "புற்றுநோய் இரத்தப் பரிசோதனை" செய்கிறார்கள் என்று மச்சான் தகவல் கொண்டுவந்தான். போனோம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, நம்பர் துண்டு, "இருங்கள் ஐயா" என்ற பணிவு. எங்கள் லண்டன் வைத்தியசாலையில் இரத்தம் எடுக்கும் இடத்தை விடத் துப்புரவு. டொக்டரின் துண்டு எதுவும் கேட்கவில்லை. 14,500 ரூபாய். இரத்தம் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகும், மூன்றாம் நாள் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வரும் என்றார் கல்லாவில் இருந்த தம்பி. ஊர் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று அன்று மாலை லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து மனைவியிடம் பெருமையடித்தேன். அந்தப் பெருமை மூன்று நாள் நின்றது.

இரவு 9.40க்கு ரிப்போர்ட் வந்தது. சிஇஏ என்ற புரதம் 6.8. மேல் எல்லை 5. பக்கத்தில் சிவப்பில் 'எச்', எல்லைக்கு மேல் என்று அர்த்தம். வேறு ஒரு வரி விளக்கம் கிடையாது. ஆய்வுகூடத்துக்கு எடுத்தேன். "நாங்கள் ஒன்றும் சொல்லக்கூடாது அண்ணா, டொக்டரிடம் காட்டுங்கள்." காசு வாங்கும்போது இல்லாத டொக்டர் இப்போது எங்கிருந்து வந்தார் என்று கேட்டேன். தொலைபேசி வைக்கப்பட்டது.

மறுநாள் தங்கை கல்முனையிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். மாமி நேர்த்தி வைத்துவிட்டுத்தான் வாசற்படி ஏறினார். அம்மா தேங்காய் துருவுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் பிட்டும் தயிரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இரவெல்லாம் முற்றத்தில் கைப்பேசியோடு இருந்தேன். சுவாசப்பை முடிச்சுக்கென்றே செய்யப்பட்ட இரத்தப் பரிசோதனைகள் வேறு இருக்கின்றன. பிரித்தானியாவில் உருவான 'ஏர்லிசிடிடி லங்', புற்றுநோய்க்கு எதிராக உடல் சுரக்கும் ஏழு பிறபொருளெதிரிகளைத் தேடுகிறது. அதை அரச சுகாதார சேவையில் பாவிக்க ஆதாரம் போதாது என்று 2022 இல் நைஸ், அந்தச் சேவைக்குப் பரிந்துரை சொல்லும் அமைப்பு, சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 'நோடிஃபை எக்ஸ்எல்2' என்று ஒன்று. 8 முதல் 30 மில்லிமீற்றர் வரையான முடிச்சுகளுக்கு இரத்தத்தில் இரண்டு புரதங்களை அளக்கிறார்கள். புற்றுநோய் என்று கண்டுபிடிப்பது அதன் வேலை அல்ல. சந்தேகம் குறைந்தவர்களைப் பிரித்து, வீணாக ஊசி குத்திச் சதை எடுப்பதைத் தவிர்ப்பதுதான். எங்களிடம் விற்ற சிஇஏ இந்த இரண்டிலும் சேராது என்பது விடியற்காலையில்தான் எனக்கு விளங்கியது.

கிளினிக் நாள் வந்தது. காலை ஐந்து மணிக்கே போய் நம்பர் எடுத்தும் 43. அதே மரவாங்கு, அதே கொப்பிக் கட்டு, பெயரைத் தப்பாகக் கூப்பிடும் அதே குரல். மனம் எரிந்துகொண்டுதான் உள்ளே போனேன். டொக்டர் இளையவர். ஆய்வுகூடத் தாளைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"ஐயா, சுருட்டுக் குடிப்பீர்களா?"

"விட்டு ஐந்து வருடம்."

"குடிப்பவர்களுக்கு இந்த எண் ஏறியிருக்கக்கூடும். நெஞ்சில் கிருமி, ஈரலில் கோளாறு, குடலில் அழற்சி, எதற்கும் ஏறும். புற்றுநோய் தொடங்கும் நேரத்தில் ஏறாமலும் இருக்கும்."

நான் சும்மா இருக்கவில்லை. இரவு படித்த அமெரிக்கப் பரிசோதனையை அவிழ்த்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அதிலும் இரத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை அண்ணா. வயது, புகைப் பழக்கம், முடிச்சின் அளவு, விளிம்பு, இருக்கும் இடம், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். பழைய படம் ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை" என்று அடித்துச் சொன்னேன்.

அம்மா எழுந்து, தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு மண்ணிற உறையை எடுத்தார். அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்ததால் நப்தலின் மணம். 2009 இல் எடுத்த நெஞ்சுப் படம். 2011 ஜனவரி வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது நனைந்து, கீழ் ஓரத்தில் சேற்று நிறத்தில் அலையலையாகக் கறை. படம் எடுத்த வருடம் அப்பா ஆறு மாதம் டிபி மருந்து குடித்தாராம். எனக்கு இது புதுச்செய்தி.

"உனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், மகன்" என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

டொக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் செருகிப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அதே இடம், அதே பொட்டு, பயற்றம் விதை அளவில். இது பழைய தழும்பாக இருக்கவே சாத்தியம் அதிகம், ஆனால் தழும்பிலும் புற்றுநோய் வரலாம் என்றார். சளிப் பரிசோதனைக்குத் துண்டு எழுதினார். மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கான். ஒரு சதம் செலவில்லை. என் கேள்விகளுக்கு இருபது நிமிடம் பதில் சொன்னார். லண்டனில் பத்தாவது நிமிடத்திலேயே கதவுப் பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

எழும்பும்போது அம்மா கேட்டார்: "டொக்டர், ஐந்து வருடத்துக்கு முன்பு விட்ட சுருட்டுக்கு இப்போதும் அந்த எண் ஏறுமா?"

டொக்டர் கிளினிக் கொப்பியில் என்னவோ எழுதத் தொடங்கினார்.

ஆட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறியது. "எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்?" என்று அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். அப்பா வாவியில் வலை வீசிக்கொண்டிருந்த தோணியைப் பார்த்தபடியே வந்தார்.