படிகாரக் கல்லுடன் நான்கு கோடைகள்

நான்கு ஆண்டுகளாக நான் டியோடரண்ட் என்று எதையும் வாங்கவில்லை. குளித்து முடித்ததும், ஈரம் காய்வதற்கு முன்பே, அக்குளில் ஒரு படிகாரக் கல்லைத் தேய்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன். சென்னைப் புறநகரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள் நான். நாளொன்றுக்கு ஐந்து பாடவேளைகள் கரும்பலகைக்கு முன் கையை உயர்த்தி எழுத வேண்டும். காலையும் மாலையும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். ஆகவே இந்தக் கல்லைப் பற்றிய என் கருத்து குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து உருவானதன்று.

அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் ஒரே வகை ரோல்-ஆன் வியர்வைத் தடுப்பான்தான். அதை விடச் சொன்னவர் மருத்துவர் அல்லர், எங்கள் தெருத் தையல்காரர். கை தளர்த்தித் தரும்படி நான் கொடுத்த பருத்தி ரவிக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "டீச்சர், துணியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கம்மங்கூட்டுல மட்டும் இத்துப்போச்சு. இதுல தையல் நிக்காது" என்றார். அக்குள் பகுதி மஞ்சள் பாரித்து, கஞ்சி போட்டதைப் போல விறைத்துப்போயிருந்தது. வியர்வைத் தடுப்பான்களில் உள்ள அலுமினிய உப்புகள் வியர்வையோடு சேர்ந்து துணியில் படியும் கறை அது. வகுப்பில் அலுமினியச் சேர்மங்களைப் பல முறை நடத்தியிருந்தும், என் ரவிக்கையில் அதைப் பார்த்துச் சொல்ல ஒரு தையல்காரர் வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, முடி நீக்கிய மறுநாள் ரோல்-ஆன் பட்டால் வரும் எரிச்சலும் சிவப்பும் அந்த ஆண்டில் மிகுந்திருந்தன.

இணையத்தில் தேடியபோது "இயற்கைத் தாது உப்புக் கல்" என்ற பெயரில், பிளாஸ்டிக் மூடிக்குள் முட்டை வடிவில் வழவழப்பாகத் தேய்த்துச் செதுக்கிய ஒரு கல் கிடைத்தது. விலை 380 ரூபாய். பெட்டியின் முகப்பில் "அலுமினியம் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்பக்கத்தில், பொருள்களின் பட்டியல் என்று இருந்த ஒரே வரியில், "பொட்டாசியம் ஆலம்" என்று இருந்தது. ஆலம் என்றால் படிகாரம். முடிதிருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்த்துவிடும் அதே கல். புது வீட்டு வாசலில் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் அதே கல். கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தில் சுழற்றும் அதே கல். சித்த மருத்துவ நூல்களில் சீனக்காரம் என்று வரும். மேல்நிலை வகுப்பில் இரட்டை உப்புக்கு எடுத்துக்காட்டாக நானே பல ஆண்டுகள் சொல்லி வந்த பொருள், பொட்டாசியம் சல்ஃபேட்டும் அலுமினியம் சல்ஃபேட்டும் நீரோடு சேர்ந்து படிகமானது. அதன் எடையில் ஏறத்தாழ 45 சதவீதம் நீர்; அலுமினியம் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. "அலுமினியம் இல்லாதது" என்று அச்சிட்டவருக்கு என் வகுப்பில் தேர்ச்சி மதிப்பெண் கிடைத்திருக்காது.

பொய்யை அச்சிட்டிருந்தாலும் கல் வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அக்குளில் சுரக்கும் வியர்வைக்குத் தனியாக நாற்றம் கிடையாது. பருவமடைந்த பின் அங்கே இயங்கத் தொடங்கும் அபோக்ரைன் சுரப்பிகளின் கசிவைக் கோரினிபாக்டீரியம் போன்ற நுண்ணுயிரிகள் சிதைக்கும்போதுதான் நெடி பிறக்கிறது. படிகாரம் நீரில் கரைந்தால் அமிலத்தன்மை கொண்ட கரைசலாகும். தோலில் மெல்லிய படலமாகக் காய்ந்து நிற்கும் அந்த உப்பும் புளிப்பும் நுண்ணுயிரிகளைப் பெருகவிடுவதில்லை. வியர்வைத் தடுப்பானின் வழி வேறு. அதிலுள்ள அலுமினியம் குளோரோஹைட்ரேட் வியர்வை நாளத்தின் வாயில் பசைபோல உறைந்து அடைத்துக்கொள்கிறது. படிகாரம் எதையும் அடைப்பதாக எனக்குத் தெரியவில்லை. வியர்வை முன்போலவே வருகிறது, ரவிக்கை நனைகிறது, நாற்றம் மட்டும் வருவதில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள்தாம் ஒரு வாரத்தில் கல்லைத் தூக்கி எறிகிறார்கள்.

முதல் இரண்டு வாரங்கள் எனக்கும் நன்றாகப் போகவில்லை. மூன்றாம் பாடவேளை முடியும்போதே சந்தேகம் வந்து, ஆசிரியர் அறையில் யாருக்கும் அருகில் உட்காராமல் தள்ளியே இருந்தேன். உடலிலுள்ள நச்செல்லாம் வெளியேறும் காலம் இது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாள் ஆறுதல் சொன்னது. அக்குள் வழியாக நச்சை வெளியேற்றும் ஏற்பாடு எதுவும் உடலில் இல்லை. அது கல்லீரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. ஒன்பது ஆண்டுகள் அடைத்து வைத்திருந்த இடத்தில் வியர்வை மீண்டும் தாராளமாக வரத் தொடங்கியதும், அதை உண்டு வாழும் நுண்ணுயிரிகள் பெருகியதுமே காரணமாக இருந்திருக்க வேண்டும். அதோடு, நான் கல்லைப் பயன்படுத்திய முறையும் தவறாக இருந்தது.

உலர்ந்த தோலில் உலர்ந்த கல்லைத் தேய்த்தால் ஒன்றும் ஒட்டுவதில்லை, தோல்தான் சிராய்க்கிறது. கல்லை நீரில் நனைத்து, ஈரமான அக்குளில் மேலும் கீழுமாக எட்டுப் பத்து முறை நிதானமாகத் தேய்த்து, துடைக்காமல் இரண்டு நிமிடம் காயவிட வேண்டும். அதற்கு முன் சோப்பை முற்றிலும் கழுவியிருக்க வேண்டும் என்பதை நான் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. சோப்பும் படிகாரமும் சேர்ந்தால் நீரில் கரையாத அலுமினிய சோப்பு வெள்ளைத் திரளாகப் பிரிந்து தோலில் பிசுபிசுக்கும். கரைந்த கல்லும் வீண். காலையில் தேய்க்க மறந்துவிட்டு, நாற்றம் வந்த பிறகு மதியம் கழிவறைக்கு ஓடித் தேய்ப்பதிலும் பயனில்லை. வந்துவிட்ட நெடியைப் படிகாரம் போக்காது, மறைக்கவும் செய்யாது. அதற்கு வாசனையே கிடையாது. முதலில் கழுவிவிட்டுத் தேய்த்தால்தான் பலன்.

முட்டை வடிவக் கல் எட்டாம் மாதத்தில் குளியலறைத் தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது. உடைந்த விளிம்பு கண்ணாடிச் சில்லைப் போலக் கீறும் என்பதை மறுநாள் காலை தெரிந்துகொண்டேன். அன்று மாலை ரயிலடிக்கு அருகிலிருக்கும் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கேட்டபோது, கடைக்காரப் பெரியவர், "சவரத்துக்காம்மா, திருஷ்டி கட்டவா?" என்றார். இரண்டுக்கும் இல்லை என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்ன பதிலுக்கு அவர் வியப்படையவே இல்லை. "அதுக்கா? அப்ப கண்ணாடி மாதிரி இருக்கறதா எடுத்துக்கோங்க, பால் மாதிரி இருக்கறது வேணாம்" என்று சாக்கிலிருந்து தெரிந்தெடுத்து நிறுத்துக் கொடுத்தார். 120 கிராம், 25 ரூபாய். வீட்டுக்கு வந்து, கூரிய விளிம்புகளை ஓடும் நீருக்கடியில் விரலால் தேய்த்துத் தேய்த்து மழுக்கினேன். பத்து நிமிட வேலை. செதுக்கிய கல்லுக்குக் கொடுத்த மீதி 355 ரூபாயும் இந்தப் பத்து நிமிடத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் மூடிக்கும்தான் என்று நினைக்கிறேன்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிகாரம் என்று விற்கப்படுவதில் பொட்டாசியத்துக்குப் பதில் அம்மோனியம் சேர்ந்த வகையும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம், வெற்றிலைச் சுண்ணாம்பு போதும். கல்லில் சிறிது பொடி செய்து, மிளகளவு சுண்ணாம்போடு ஒரு கரண்டிக் குழியில் குழைத்து மூக்கருகே கொண்டுபோனால், அம்மோனியப் படிகாரமாக இருந்தால் சுருக்கென்று ஒரு நெடி ஏறும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு அந்த நெடி மறந்திருக்காது. அடுத்த முறை வேறு கடையில் வாங்கிய கல் அப்படித்தான் இருந்தது. நாற்றத்தைத் தடுப்பதில் அதுவும் குறை வைக்கவில்லை. என்றாலும் சோப்பு சரியாகப் போகாத நாள்களில் எனக்கு லேசான நெடி தட்டியது. பிறகு அதைத் தொடவில்லை.

"இயற்கை" என்ற சொல்லையும் அளவோடுதான் நம்ப வேண்டும். படிகாரம் எரிமலைப் பகுதிகளில் தானாக உருவாவதுண்டு. அலுனைட் என்ற தாதுவிலிருந்து எடுப்பதும் உண்டு. ஆனால் பாக்சைட்டையும் கந்தக அமிலத்தையும் கொண்டு ஆலையில் தயாரித்துப் படிகமாக்கும் வழியும் பரவலாக இருக்கிறது. கையிலிருக்கும் கல்லைப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, சொல்லத் தேவையும் இல்லை, சேர்மம் ஒன்றுதான். இளஞ்சிவப்பு நிறத்தில் இந்துப்புக் கல்லையும் இதே வேலைக்கு விற்கிறார்கள். அது சாதாரண சோடியம் குளோரைடு, வேறு பொருள். தோழி ஒருத்தி கொடுத்து ஒரு மாதம் தேய்த்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் கல் தானாகவே கசிந்து அலமாரியை நனைத்தது, மதியத்துக்கு மேல் தாங்கவுமில்லை.

கத்திரி வெயில் நாள்களில் படிகாரம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே பலருக்கும் கேள்வியாக இருக்கும். காலை ஏழு மணிக்குத் தேய்த்தால், பருத்தி ரவிக்கையில் மாலை ஆறு மணி வரை எனக்குக் கவலையில்லை. பாலியெஸ்டர் கலந்த துணி என்றால் மூன்று மணிக்கே படிகாரம் தோற்றுவிடுகிறது. செயற்கை இழை வியர்வையின் எண்ணெய்ப் பசையைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உடம்பில் நாற்றமில்லாத போதும் துணியில் இருக்கும். தேர்வுத்தாள் திருத்தும் முகாமுக்குச் செல்லும் நாள்களில் மட்டும் கைப்பையில் ஒரு தெளிப்புக் குப்பியும் வைத்திருப்பேன். 100 மில்லி காய்ச்சி ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி படிகாரப் பொடி. ஒருமுறை ஆசைப்பட்டு வெந்நீரில் மிகுதியாகக் கரைத்து வைத்தேன். டிசம்பர் மாதக் குளிரில் குப்பியின் அடியில் கடுகளவில் எட்டு முகங்கள் கொண்ட படிகங்கள் கண்ணாடிபோல் வளர்ந்திருந்தன. தெளிப்பானின் துளையும் அடைத்துக்கொண்டது. குப்பி வீணானாலும், அவ்வளவு ஒழுங்கான எண்முகிகளை எங்கள் ஆய்வகத்தில்கூட நான் வளர்த்ததில்லை. கொண்டுபோய் மாணவிகளுக்குக் காட்டினேன்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவுமில்லை. சோப்புப் பெட்டியில் தேங்கிய நீரில் விட்டால் கல் அடியிலிருந்து கரைந்து காணாமல் போகும். இரும்புத் தட்டில் வைத்தால் துருவேறும். துடைத்து, ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த நாத்தனார் மகன் கற்கண்டு என்று எண்ணி நக்கிப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க கற்கண்டு கெட்டுப்போச்சு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றான். கல்லை ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளித் தராசில் நிறுத்துப் பார்ப்பது எனக்கொரு பழக்கமாகிவிட்டது. ஓராண்டில் ஏறத்தாழ 40 கிராம் தேய்கிறது. பத்து ரூபாய்க்கும் குறைவு.

ரவிக்கைகளில் விறைப்பு நின்றுவிட்டது. வெள்ளைத் துணியில் மட்டும் ஓராண்டுக்குப் பின் மெல்லிய மஞ்சள் தெரிகிறது. முடி நீக்கிய உடனே தேய்த்தால் எரியும், ஆகவே அன்றிரவு விட்டு மறுநாள் காலைதான் தேய்க்கிறேன். அக்குள் கருமை குறையும் என்று சிலர் சொல்வதைக் கேட்டு எதிர்பார்த்திருந்தேன். நான்கு ஆண்டுகளில் ஒரு மாற்றமும் இல்லை.

அலுமினியத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற அச்சத்தில் இந்தக் கல்லுக்கு மாறுகிறவர்கள் உண்டு. அதிலும் அலுமினியம் இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, அந்த அச்சத்துக்கே தெளிவான சான்று கிடைக்கவில்லை என்றுதான் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சொல்கிறது. வியர்வைத் தடுப்பான்களில் குறிப்பிட்ட அளவு வரை அலுமினியம் பாதுகாப்பானதே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழுவும் 2020இல் கருத்துத் தெரிவித்தது. படிகார மூலக்கூறு பெரியது, தோலுக்குள் நுழையாது என்ற விளம்பர வாதம் வேடிக்கையானது. நீர் பட்டதும் அது அயனிகளாகப் பிரிந்துவிடும், நுழைவதற்கு முழு மூலக்கூறு என்று எதுவும் அங்கே இருக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், ரோல்-ஆனாக இருந்தாலும் இந்தக் கல்லாக இருந்தாலும், மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. அலுமினியத்தை உடலிலிருந்து வெளியேற்றுவது சிறுநீரகம்தான். என் மாமியார் கேட்டபோது இதனால்தான் கொடுக்கவில்லை.

தம்பிக்குக் கொடுத்தேன். இரு சக்கர வண்டியில் நாள் முழுதும் பொருள் கொண்டு சேர்க்கும் வேலை அவனுக்கு. ஒரு மாதம் ஒழுங்காகத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நாத்தம் இல்லக்கா, ஆனா சட்டை சொட்டச் சொட்ட நனையுது, கஸ்டமர் முன்னாடி கையைத் தூக்க முடியல" என்று சொல்லி மீண்டும் வியர்வைத் தடுப்பானுக்கே போய்விட்டான். அவன் விட்டுப்போன கல்லை என் கணவர் சவரம் முடித்ததும் கன்னத்தில் தேய்த்துக்கொள்கிறார்.