குடும்பத் தேவைகளை மதிப்பிட உதவும் ஈகோமேப்: ஒரு கருவி மதிப்புரை

குடும்பங்களின் தேவைகளை மதிப்பிடச் சமூகப் பணியாளர்கள் கையாளும் கருவிகளில் ஈகோமேப் எனப்படும் சூழல் வரைபடம் மிக எளியது. சமூகப் பணி அறிஞர் ஆன் ஹார்ட்மன் 1975ஆம் ஆண்டில் உருவாக்கிய இதற்கு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும். நடு வட்டத்தில் குடும்பத்தையும், சுற்றியுள்ள வட்டங்களில் பள்ளி, வேலை, மருத்துவமனை, உறவினர், நண்பர்கள் ஆகியோரையும் குறிக்க வேண்டும். வலுவான உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்த உறவுக்குப் புள்ளிக்கோடு, உளைச்சல் தரும் உறவுக்குக் குறுக்கு வெட்டுகள் இட்ட கோடு என்பது வழக்கம். உதவி எத்திசையில் செல்கிறது என்பதை அம்புக்குறி காட்டும்.

இக்கருவியின் உண்மையான பலம் அந்த அம்புக்குறியில்தான் இருக்கிறது. 'உறவினர் ஆதரவு உண்டா?' என்னும் படிவக் கேள்விக்கு 'உண்டு' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும் ஒரு தாய், வரைபடத்தில் அதே உறவினருக்குத் தடித்த கோடு வரைந்து, சற்று யோசித்து, அதன் மேலேயே குறுக்கு வெட்டுகளை இட்டு, அம்புக்குறியைத் தம் குடும்பத்திலிருந்து வெளியே செல்வதாக மட்டும் காட்டுவதைக் கண்டிருக்கிறேன். வல்லுநர் வரையறுக்கும் தேவை வேறு, மக்கள் தாமே உணரும் தேவை வேறு என்று 1972இல் சமூகக் கொள்கை அறிஞர் ஜொனாதன் பிராட்ஷா வகைப்படுத்தினார். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் இங்கே தாளிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் பென்சில் குடும்பத்தாரின் கையில் இருந்தால்தான் இந்தப் பயன் கிடைக்கும். பணியாளரே வரைந்து முடித்துவிட்டு 'சரிதானே?' என்று நீட்டினால், உதவி கிடைக்குமா என்ற கவலையில் இருப்பவர் பெரும்பாலும் தலையாட்டவே செய்வார். அதை ஒப்புதல் என்று பதிவு செய்வது நேர்மையாகாது. எதற்காக வரைகிறோம், யார் யார் பார்ப்பார்கள், எந்தச் சூழலில் இரகசியம் காக்க இயலாது என்பவற்றைக் கோடு விழுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கருவியின் பெரிய குறை, எல்லோரும் ஒரே தாளைச் சுற்றி அமர்ந்து மனம் திறந்து பேசமுடியும் என்று அது கருதிக்கொள்வதாகும். வீட்டில் வன்முறை இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் கூட்டாக வரையவே கூடாது. கணவரின் முன்னிலையில் மனைவி வரையும் ஒரு குறுக்கு வெட்டு அன்றிரவே அவருக்கு ஆபத்தாக முடியலாம். அத்தகைய குடும்பங்களில் ஒவ்வொருவரையும் தனியே சந்திப்பதே முறை. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுவதால், அவர்களுக்கும் தனித் தாள் தரலாம்.

வருமானம், கடன், வாடகை நிலுவை போன்றவற்றின் அளவை இது காட்டாது. அவற்றுக்குத் தனி நேர்காணல் தேவை. கோடுகள் மாறக்கூடியவை என்பதால் தாளில் தேதியிட்டு, ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடமே கொடுத்து, அடுத்த சந்திப்பில் அவர்களையே திருத்தச் சொல்வது நல்லது. இவற்றுக்கு நேரம் ஒதுக்கக்கூடிய பணியாளர்களுக்கு இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். அவசரமாகக் கோப்பை முடிக்க வேண்டியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.