பேமிலி லிங்க்: இரண்டு வருடம் பயன்படுத்திய அனுபவம்

மகனுக்கு 9 வயதாக இருந்தபோது கூகுளின் பேமிலி லிங்க் ஆப்பைப் போட்டோம், இப்போது அவனுக்கு 11. கட்டணம் கிடையாது. அவன் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி டேப்லெட்டில் போட்டுவிட்டால் மீதியை நம் போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், ராத்திரி எத்தனை மணிக்குமேல் பூட்டு, எந்த ஆப்புக்கு எவ்வளவு என்று எல்லாம். புதிதாக எதையாவது இறக்க வேண்டும் என்றாலும் நம்மிடம் அனுமதி கேட்கும்.

ஆரம்பத்தில் தப்பு செய்தது நான்தான். தினமும் 1 மணி நேரம் என்று வைத்துவிட்டு சமையலறைக்குள் போய்விட்டேன். நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்டதும் அவன் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். தினமும் இதே கதை. போனஸ் நேரம் கொடுக்கும் வசதி ஒன்று இருக்கிறது, அழுகை தாங்காமல் அதை 15 நிமிடம், 15 நிமிடமாகக் கொடுத்தேன். அழுதால் கிடைக்கும் என்று அவனும் கற்றுக்கொண்டான். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

"அடிமையாயிட்டான், டேப்லெட்டைத் தூக்கி பீரோவில் வை" என்றார் கணவர். எனக்கும் பயம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் கேமிங் குறைபாடு இருக்கிறது, 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தேடிப் படித்தேன். விளையாட்டை நிறுத்தவே முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடித்தால்தான் அப்படிச் சொல்கிறார்கள். இவன் சாப்பிடுகிறான், தூங்குகிறான், சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். பூட்டும் அந்த 5 நிமிடம்தான் பிரச்சினை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். ஆடுவது மைன்கிராப்ட். அதில் ஒரு நாள் என்பது நமக்கு 20 நிமிடம். பகலில் மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம், வீடு கட்டலாம். இருட்டினால் ஜாம்பி வரும், அதற்குள் வீடு திரும்பிக் கட்டிலில் படுக்க வேண்டும். அன்றைக்குச் சுரங்கத்தின் அடியில் வைரம் எடுத்தான், அதைக் கொண்டுவந்து பெட்டியில் போடுவதற்குள் பூட்டு விழுந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது, இத்தனை நாளும் பாதி வழியில் நிறுத்தியிருக்கிறேன்.

அன்றே பேசி முடிவு செய்தோம். மூன்று மைன்கிராப்ட் நாள், அப்புறம் சாமான்களைப் பெட்டியில் வைத்துவிட்டு அவனே வெளியே வர வேண்டும். ஆப்பில் 70 நிமிடம் வைத்தேன், மறந்துவிட்டால் பூட்டட்டும் என்று. ஒரு மாதத்தில் அழுகை நின்றது. பெரும்பாலான நாட்களில் பூட்டு விழுவதற்கு முன்பே டேப்லெட் மேஜைக்கு வந்துவிடுகிறது.

போன கோடை விடுமுறையில் திருநெல்வேலி ஆச்சி வீட்டில் வேறு சிக்கல். அவன் கணக்கு இருக்கும் சாதனத்தில்தான் பேமிலி லிங்க் வேலை செய்யும், ஆச்சி போனில் அவன் கணக்கு ஏது? மாமா பையனோடு சேர்ந்து அதில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடியிருக்கிறான். கேட்டால் ஆச்சி, அதாவது என் அம்மா, "ஏட்டி, படிக்கத்தான கேட்டான்" என்கிறார். ஒரு ஆட்டம் சுமார் 10 நிமிடம்தான், ஆனால் 50 பேர் ஆடும் ஆட்டம், முன்பின் தெரியாதவர்களோடு மைக்கில் பேசலாம். நேரத்தைவிட அதுதான் எனக்குக் கவலை. ஆச்சி போனுக்குப் பூட்டு எண் போட்டோம், ஏன் வேண்டாம் என்று அவனிடமும் ஆச்சியிடமும் உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நாள் கோபமாக இருந்தான்.

ராத்திரி 8.30 பூட்டை மட்டும் இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் தளர்த்தியதில்லை, இனியும் மாட்டேன். பகல் நேரத்தைப் பேசிக்கொள்ளலாம். இந்த வருடம் ஆறாம் வகுப்பு முடிகிறது, லீவுக்கு ஐந்து நாள் வேண்டும் என்று கேட்கிறான். மைன்கிராப்ட் நாள்தான். நான்கு தரலாம் என்று இருக்கிறேன்.