லூப்பை வெட்டினால் சவுண்டு சரியாகும் என்று நம்பி 18,500 ரூபாயை இழந்தேன்

டியூப் கிதார் ஆம்ப் வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். நேற்று மாலைதான் எனக்கு உண்மை தெரிந்தது, இன்னும் கை நடுங்குகிறது. நாகர்கோவிலில் மைக்செட், கீபோர்டு, ஆம்ப் எல்லாம் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் கடையில் மொத்தம் 18,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பழுதாக இருந்ததோ துடைத்தாலே சரியாகியிருக்கக்கூடிய ஒரு ஜாக்கின் உள்ளே இருக்கும் சிறிய தகடு மட்டும்தான்.

என் வீடு குளச்சலில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஆம்ப் 40 வாட் காம்போ, அதாவது ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் வகை. டியூப் என்பதும் வால்வு என்பதும் ஒன்றுதான், சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழல். இதில் நான்கு சிறிய 12ஏஎக்ஸ்7 வால்வுகளும் இரண்டு பெரிய 6எல்6 பவர் வால்வுகளும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கி, கோயில் பாடகர் குழுவில் வாசித்துவருகிறேன். அக்டோபர் மாத மழையில் அதன் சவுண்டு திடீர் திடீரென்று மெலிந்துபோகத் தொடங்கியது. ஒரு பாட்டின் நடுவே பாதி அளவுக்கு இறங்கிவிடும், பிறகு ஓங்கி ஒரு கார்டு அடித்தால் தானாகவே திரும்பி வரும். இதை அப்படியே அந்தக் கடைக்காரரிடம் சொன்னேன். விவரம் தெரிந்தவருக்கு இந்த ஒரு அறிகுறியே போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான் அவரை நம்பிய அந்த நிமிடம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பின்பக்கத்தைத் திறந்து, ஒரு சிறிய வால்வைத் துணியால் பிடித்து உருவி, டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியின் உச்சியில் உள்பக்கமாக வெள்ளி போல மின்னிய பூச்சைக் காட்டி, “இதப் பாரு மக்கா, உள்ள எரிஞ்சி படிஞ்சிருக்கு. ஆறையும் மாத்தணும். பொறவு இந்த லூப்பு இருக்குல்லா, அதுதான் சவுண்டைத் தின்னுது. அத வெட்டி நேரா குடுத்துட்டா செரியாவும்” என்றார். “செரி அண்ணே, நீங்க பாத்து செய்யுங்க” என்று சொல்லி, அங்கேயே 8,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அந்த வெள்ளிப் பூச்சு எல்லா நல்ல வால்விலும் இருப்பது, உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுவை உறிஞ்சுவதற்காகத் தயாரிக்கும்போதே படியவைப்பது, காற்று புகுந்து வால்வு செத்துப்போனால்தான் அது வெள்ளையாக மாறும் என்பதை நேற்றுத்தான் அறிந்துகொண்டேன். அவர் எனக்குக் காட்டியது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு வால்வை.

லூப் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பின் முன்பகுதியான ப்ரீஆம்ப்பில் டோனும் டிஸ்டார்ஷனும் உருவாகின்றன. அதன்பின் சிக்னல் பவர் வால்வுகளுக்குப் போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே சென்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக்குகளை வைத்து, எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் போன்ற பெடல்களை அங்கே செருகிக்கொள்ள வழி செய்திருப்பார்கள். என் ஆம்பில் சென்ட் போகும் இடத்தில் சிக்னலைப் பெடல்களுக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்து, ரிட்டர்னில் அரை 12ஏஎக்ஸ்7 வால்வைக் கொண்டு மறுபடியும் பெருக்குகிறார்கள். பெடல் எதுவும் செருகாதபோது, ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சிறிய தகடு இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான் சிக்னல் தொடர்ந்து ஓடுகிறது. அந்தத் தொடுப்பில் களிம்பு பிடித்தால் சவுண்டு மெலியும், விட்டுவிட்டு வரும். இரண்டு பருவமழையும் உப்புக் காற்றும் உள்ள நம் ஊரில் அது பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைக்காரர் செய்தது இதுதான். குறைக்கும் பகுதி, ஜாக்குகள், பெருக்கும் வால்வு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, ப்ரீஆம்ப்பிலிருந்து ஒரு ஒயரை நேராகப் பவர் பகுதிக்கு இழுத்துவிட்டார். கடையிலேயே வாசித்துக் காட்டியபோது சவுண்டு பெரிதாக இருந்தது, ட்ரெபிள் பளிச்சென்று கேட்டது. மெலிந்துபோகும் பிரச்சினையும் இல்லை, ஏனென்றால் களிம்பு பிடித்த ஜாக் வழியாகச் சிக்னல் போகவே இல்லை. நான் மகிழ்ந்து போய் மீதி 10,500 ரூபாயையும் கொடுத்தேன். பில் கேட்டேன், “நமக்குள்ள என்ன பில்லு” என்றார். பழைய வால்வுகளைக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டில் வைத்து நிதானமாக வாசித்தபோதுதான் என்ன போயிற்று என்று புரிந்தது. சிக்னல் குறையாமல் போய் அடிப்பதால் மாஸ்டர் வால்யூம் குமிழ் ஒன்றாம் எண்ணைத் தொடுவதற்குள் ஹால் அதிர்கிறது, அதற்குக் கீழே வைத்தால் ஒன்றுமே கேட்பதில்லை. மெதுவான பாடல்களுக்கு நான் நம்பியிருந்த சுத்தமான டோன் சீக்கிரமே கரகரக்கத் தொடங்குகிறது. டிலே பெடலை இனி கிதாருக்கும் ஆம்புக்கும் நடுவே முன்னால்தான் வைக்க வேண்டும். அப்போது எதிரொலிகளும் சேர்ந்து டிஸ்டார்ஷனுக்குள் போய், தனித்தனியாகக் கேட்க வேண்டியவை ஒரே சேறாகக் குழம்புகின்றன. லூப்பை விலக்கி வாசிப்பதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கென்றே சுவிட்ச் உள்ள ஆம்புகளும் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது ரசனைக்காகத் தெரிந்து செய்வது. என்னிடம் பழுதுக்கு மருந்து என்று சொல்லி வெட்டினார்கள்.

அதன்பிறகு நான்கு முறை போன் செய்தேன். முதலில் “புது வால்வு, பழக நாளாவும்” என்றார். அடுத்த முறை “ஒங்க கோயில்ல கரண்டு செரியில்ல” என்றார். மூன்றாம் முறை எடுத்த பையன் “மொதலாளி திருவனந்தபுரத்துக்குப் போயிருக்காரு” என்றான், பின்னால் அவருடைய குரலே எனக்குக் கேட்டது. நான்காம் முறை யாரும் எடுக்கவில்லை. போன சனிக்கிழமை கேரல் பயிற்சியில், ஒரு 6எல்6 வால்வின் உள்தகடு அடுப்புக்கரி போலச் சிவந்து, ஃபியூஸ் போய், ஆம்ப் அணைந்தது. திங்கட்கிழமை ஆம்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வடசேரி வரைக்கும் வந்து கடைக்குப் போனேன். “நீ என்னத்தையோ செருகிருக்க, நாளைக்கி வா பாத்துக்கிடலாம்” என்றார். மறுநாள் போனேன், கடை பூட்டியிருந்தது.

நேற்று, எலக்ட்ரானிக்ஸ் படித்த என் நண்பர் பார்த்தார். ஃபியூஸ் மாற்றி அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டு அளந்ததில், பவர் வால்வுகளின் உள்தகட்டில் 430 வோல்ட் இருக்க, ஒரு 6எல்6 வால்வு 40 மில்லியாம்பியரும் மற்றது 85 மில்லியாம்பியரும் இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டாவது 36 வாட்டுக்கும் மேல் சுமக்கிறது, இந்த வகை தாங்குவது 30 வாட். ஜோடி பொருந்தாத வால்வுகளைப் போட்டு, பயஸை, அதாவது வாசிக்காதபோது வால்வு இழுக்கும் கரண்டுக்கான அமைப்பை, அளந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு, துண்டித்து விடப்பட்டிருந்த ரிட்டர்ன் ஜாக்கின் தொடுப்பில் மல்டிமீட்டரை வைத்தார். ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டிய தடை, விரலால் தட்டத் தட்ட ஆயிரக்கணக்கான ஓம்களுக்கு ஏறி இறங்கியது. தகட்டின் முனையில் பச்சையாகக் களிம்பு. கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஒரு பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்ததும் மீட்டர் பூஜ்யத்தைக் காட்டியது. இதற்குத்தான் 18,500 ரூபாய்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. சவுண்டு மெலிந்தால் முதலில் சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு சின்ன பேட்ச் கேபிளைச் செருகிப் பாருங்கள். சரியாகிவிட்டால் கோளாறு அநேகமாக அந்த ஜாக்கில்தான். பவர் வால்வு மாற்றினால் பயஸ் எவ்வளவு வைத்தார் என்று எண்ணைக் கேளுங்கள். பழைய வால்வுகளையும் பில்லையும் கையில் வாங்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நீங்களே ஆம்பைத் திறக்கவும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிரை எடுக்கும் வோல்டேஜ் நிற்கும்.