உலர்பனியா, அப்பச்சோடாவா? பிள்ளைகளுக்கு வாயு காட்ட எது தோது

காபனீரொட்சைட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட இரண்டு வழி இருக்கிறது. ஒன்று உலர்பனி, அதாவது உறைந்து திண்மமான காபனீரொட்சைட்டு; மற்றது அப்பச்சோடாவும் வினாகிரியும். பார்வைக்கு உலர்பனிதான் வெல்லும், அதில் பேச்சில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் கிழமைக்கு ஒருக்கால் வகுப்பு வைக்கிறவர்களுக்கு நாங்கள் அப்பச்சோடாவைத்தான் சொல்லுவோம்.

காரணம், உலர்பனி இருக்காது. அது -78.5 பாகை; வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டு -18 பாகைதான், அதற்குள் வைத்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கொழும்பிலிருந்து எடுப்பிப்பதென்றால் 400 கிலோமீற்றர். மாலையில் ரெஜிபோம் பெட்டியில் போட்ட இரண்டு கிலோவில் விடியும்போது பாதியே மிஞ்சலாம். பெட்டியின் தடிப்பையும் கட்டியின் பருமனையும் பொறுத்தது. போன பாதி எங்கே? கதவு சாத்தின ஏ.சி. பஸ்ஸுக்குள். ஒரு கிலோ 500 லீற்றருக்கு மேல் வாயுவாகும். பத்தடி நீள, அகல, உயர அறையில் அது கிட்டத்தட்ட 2 வீதம். வேலைத்தளங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 0.5 வீதம். காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமென்பதால் நிலத்தோடு தங்கும், பாயில் இருக்கிற பிள்ளைகளின் மூக்கு மட்டத்தில். தடித்த கையுறையும் இடுக்கியும் வேணும், மூடி இறுக்கின போத்தலில் போட்டால் வெடிக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இன்னொரு குறை: வெள்ளைப் புகைதான் வாயு என்று பிள்ளை நம்பிவிடும். அது குளிரில் ஒடுங்கிய நீராவி. காபனீரொட்சைட்டு கண்ணுக்குத் தெரியாது.

அப்பச்சோடாவில் அந்தக் குழப்பம் இல்லை. இரண்டு லீற்றர் யக்கில் மட்டமான ஒரு தேக்கரண்டி (5 கிராம் அளவு) சோடா, அதன்மேல் 80 மில்லிலீற்றர் வினாகிரி மெல்ல மெல்ல. ஒன்றரை லீற்றர் அளவில் வாயு வரும். நுரை அடங்கியதும் குட்டை மெழுகுதிரிக்கு மேல் யக்கைச் சரியுங்கள், திரவம் சிந்தாமல். ஒன்றும் தெரியாது, சுடர் அணையும். அணையாவிட்டால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். ஒரு துளி விழுந்து அணைந்தாலும் பிள்ளை 'தண்ணி பட்டது' என்றுதான் சொல்லும், திரும்பச் செய்யவேண்டியதுதான். வினாகிரி இல்லாவிட்டால் இரண்டு மூன்று தேசிக்காய். பேக்கிங் பவுடர் வேறு சாமான், அது வேண்டாம்.

அடுத்தது சுண்ணாம்பு நீர். நம்மூருக்கென்றே அமைந்த சோதனை. வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடித்தெடுங்கள். கண்ணில் படக்கூடாது. அதோடு இரண்டு பங்கு பற்றரித் தண்ணீர் (பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர், அமிலம் அல்ல) சேருங்கள். கிணற்றுத் தண்ணீர் சேர்த்தால் வாயு போக முதலே வெளுத்துவிடும், அதில் ஏற்கனவே கல்சியம் இருகாபனேற்று இருக்கிறது. சோடாவும் வினாகிரியும் போட்ட போத்தலிலிருந்து சேலைன் குழாயால் வாயுவை விட்டால் பால்போல் வெளுக்கும்; அந்த வெள்ளை சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்தான். தொடர்ந்து விட்டால் திரும்பத் தெளியும். சோடா பொங்கிக் குழாயில் நுரை ஏறினால் வினாகிரியே வெள்ளையைக் கரைத்துவிடும், ஆகவே போத்தலில் கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள். தெளிந்ததைக் கொதிக்கவைத்தால் மறுபடி வெளுக்கும். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் காறல் அதுதான். வாயு கரைந்த நீர் சுண்ணாம்புக்கல்லை அரித்துத்தான் புத்தூர் நிலாவரைக் கிணறும் உண்டானது என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அப்பச்சோடாவால் காட்ட முடியாதது பதங்கமாதல், அதாவது திண்மம் உருகாமல் நேரே வாயுவாவது. கண்காட்சி நாளில், திறந்த மண்டபத்தில், பெரியவர் ஒருவரே கையாளுவதென்றால் உலர்பனி எடுப்பிக்கலாம். மற்ற நாளுக்குக் கற்பூரம் போதும்: இரண்டு வில்லையைக் கண்ணாடிப் போத்தலில் மூடி, அடிப்பக்கம் சுடுமணலில் புதைய வெயிலில் வைத்தால் குளிர்ந்த மேற்பக்கத்தில் பளிங்கு படியும். கற்பூரம் நஞ்சு, சின்னப் பிள்ளைகள் வாயில் போடாமல் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.